சமையல்கட்டில் கொட்டிய மணல்

“…அதான் சார், பம்ப்புத் தண்ணியோட வந்து வாய்க்கால் ஓரமா குமியுதே, அந்த மணலத்தான் எங்கப்பா கூடையில அள்ளியாந்து சமையக்கட்டுல கொட்டினாரு. தரை கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. அதுலேருந்துதான் ஒரு பை எடுத்துக்கிட்டு வந்து நம்ம லேப்ல சலிச்சிப் பார்த்தேன்.”

வகுப்பே சிரித்தது. “வீட்டுக்குள்ளயே பீச்சு, குடுத்து வச்சவ,” என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். மணல் கதையைச் சொன்னவளும் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் திரையில் அவள் செய்துகொண்டு வந்த படம், மேலிருந்து கீழ்வரை இளம்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. மண்ணின் விவரம் எங்கிருந்து கிடைத்தது என்று யார் படம் காட்டினாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். அதற்கு இப்படி ஒரு பதில் வரும் என்று எந்த வாத்தியார் எதிர்பார்ப்பான்?

கல்லூரிகளில் மண்ணையும் அடித்தளத்தையும் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். கணக்கு முறைகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த முற்பகலில் எனக்கு ஏற்பட்ட திகைப்பு இன்னும் ஆறவில்லை. அதை உங்களிடம் கொஞ்சம் இறக்கி வைத்தால் உங்களுக்கும் உதவும், எனக்கும் பாரம் குறையும்.

அவள் பெயர் ஜெசிந்தா. மூன்றாம் ஆண்டு. புதுச்சேரி டவுனுக்குள்ளேயே ஒரு சந்தில் வீடு. அப்பா வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்பவர், அம்மா வீட்டிலேயே தையல். பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டுகிறார்கள். கீழே கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஆழமாகக் குழி தோண்டி, அதில் ஊறும் தண்ணீரைப் பம்ப் வைத்துத் தெரு வாய்க்காலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருவத்தில் நான் கொடுத்திருந்த வேலை இதுதான்: உங்கள் தெருவில் தோண்டியிருக்கும் ஒரு குழியைப் பாருங்கள், அதைக் கம்ப்யூட்டரில் கட்டிப் படமாகக் காட்டுங்கள். பாதிப் பேர் சாக்கடைக் குழியைக் கொண்டுவந்தார்கள். நோணாங்குப்பத்துப் பையன் ஒருவன் படகுத்துறைப் பக்கத்தில் பார்த்த தூண்குழியைக் கொண்டுவந்தான். ஜெசிந்தா தன் வீட்டுச் சுவரை ஒட்டிய குழியைக் கொண்டுவந்தாள்.

நான் டிப்ளமோவோடு லேப்பில் மண் சலிக்க வந்தவன். கம்ப்யூட்டர் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. லேப்புக்கு வந்த முதல் மெஷினில் நானே தட்டித் தடவிப் பழகினேன். வகுப்பில் பையன்கள் தூங்குவதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணமே வந்தது. மண்ணுக்குள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசினால் யாருக்குத்தான் தூக்கம் வராது?

ஒரு எக்செல் தாளைத் திறந்து, அதிலுள்ள கட்டங்களை மண்ணாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். குழிக்கு வெளியே தண்ணீரின் உயரம் ஒரு எண், குழிக்குள் இன்னொரு எண். நடுவில் இருக்கும் கட்டங்களுக்கெல்லாம் ஒரே விதி: மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு பக்கத்து வீட்டுக்காரர்களின் சராசரிதான் உன் எண். இதைத் திரும்பத் திரும்பக் கணக்கிட விட்டால் எண்கள் கொஞ்ச நேரம் அல்லாடும், பிறகு அடங்கி உட்காரும். உட்கார்ந்ததும் நிறமும் அம்பும் போட்டால், தண்ணீர் மண்ணுக்குள் எந்த வழியாகக் குழியைத் தேடி வருகிறது என்பது தெரியும். “அக்கம்பக்கம் எப்படியோ அப்படித்தான் சார் நாமளும்” என்று கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் அடிக்கடி சொல்வார். மொத்தப் பாடமும் அந்த ஒரு வரிதான். நான் சேர்த்தது நிறம் மட்டும்.

அதே தாளில் கடைசியாக ஒரு வேடிக்கை காட்டுவேன். குழிக்குள் இருக்கும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன், அதாவது குழியில் தண்ணீரை நிரம்ப விடுவேன். அம்புகள் சுருங்கிச் சுருங்கி, உள்ளும் புறமும் ஒரே மட்டமானதும் காணாமல் போய்விடும். “தண்ணியோட மல்லுக்கட்டாத, ராசியாயிடு,” என்று சொல்லிவிட்டுத் தாளை மூடுவேன்.

அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. எங்கள் துறையில் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார், அவர் சொன்னது. பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்வது போல, எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டையின் காலர் பொத்தானைப் போடாமல் அவரை நான் பார்த்ததில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடைசிக் காலத்தில் பாடம் சொல்ல வந்தவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், ஆனால் என் திரையை எட்டிப் பார்க்காமல் போகவும் மாட்டார். ஒருநாள் என் கணக்கு முடிவுக்கு வராமல் பாதியில் நின்றுவிட்டது. நான் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது நிக்கறதுக்கு வழி தேடுதுப்பா. கிடைக்கல போல. மெஷின அப்புறம் திட்டலாம், மொதல்ல அந்த மண்ணு நிக்குமான்னு பாரு.”

உண்மையும் அதுதானே. கம்ப்யூட்டர் செய்வது ஒரு சமாதானப் பேச்சுவார்த்தை. இந்தப் பாரத்துக்கு மண் எப்படி நின்றால் சரியாக இருக்கும் என்று ஒவ்வொரு வகையாக முயன்று பார்க்கிறது. ஒரு வகையிலும் நிற்க முடியாவிட்டால் கையை விரித்துவிடுகிறது. சில நேரம் நாம் கட்டங்களை மோசமாகப் பிரித்திருப்போம், அதனாலும் கணக்கு பாதியில் நின்றுபோகும். சில நேரம் மண்ணே நிற்காது. இந்த இரண்டில் எது என்பதைத் திரை சொல்லாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு அந்த வரியைப் பார்த்தாலே ஆகாது. மதிப்பெண் போய்விடுமே. அதனால் எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் வேர்விட்டிருந்தது. அதற்குப் ‘பசை போடுவது’ என்று பெயர். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், கடற்கரை மணல் ஒட்டாது. ஈர மணலில் பிள்ளைகள் வீடு கட்டுவார்கள், அலை வந்து நனைத்ததும் அது உட்கார்ந்துவிடும், நாம் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் மென்பொருளில் மணலுக்கும் துளி ஒட்டும் தன்மையைக் கொடுத்துவிட்டால் கணக்கு முக்காமல் முனகாமல் ஓடி முடியும். நான் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, ஹாஸ்டல் அறையிலிருந்து அறைக்குப் பரவியது. துளி போடுபவன் துளியோடு நிற்பானா? ஓடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம்.

ஆக, அன்றைக்கு அந்த இளம்பச்சைப் படத்தைப் பார்த்து நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.

“பசை போட்டியாம்மா?”

“எல்லாரும் போடறதுதான சார். இல்லைன்னா ஓடமாட்டேங்குது.”

“எடுத்துட்டு ஓட்டு.”

அவள் எடுத்தாள். கணக்கு கிளம்பியது. தோண்டும் படிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. குழி பாதி ஆழத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அந்த ஆங்கில வரி வந்தது. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உண்மையான குழி அந்த ஆழத்தை எப்போதோ தாண்டியிருந்தது.

என்னோடு அந்த வகுப்பை நடத்தியவர் விநோத், இளம் உதவிப் பேராசிரியர், நல்ல பிள்ளை. “மெஷ் பிரச்சனை சார், கட்டம் பெருசா இருக்கு. ஓரத்துல இன்னும் பொடியா பிரிச்சா ஓடிடும்,” என்றார். பிரிக்கச் சொன்னேன். பிரித்தார். நின்றது. அதற்கு முந்தைய படியைத் திரையில் காட்டச் சொன்னேன். தண்ணீரின் அம்புகள், குழியைச் சுற்றி அடித்திருந்த தகரத் தடுப்புக்கு அடியிலும் அதன் இடைவெளிகளிலும் புகுந்து குழியை நோக்கிக் கொத்தாகப் பாய்ந்தன. அவை கிளம்பும் இடத்தில் மேலே ஒரு சின்னப் பெட்டி வரைந்திருந்தாள். அதற்கு அவளே வைத்த பெயர்: ‘வீடு’.

இப்போது அந்த மணலுக்கு வருவோம். பம்ப் இழுக்க வேண்டியது தண்ணீரை. தண்ணீரோடு மணலும் வந்தால் அது எங்கிருந்தோ வருகிறது. குழிக்கு அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் இவர்கள் வீடு. சமையல்கட்டுக்கு அடியிலிருந்த மணல் தண்ணீரோடு போய், பம்ப்பில் ஏறி, குழாய் வழியாக வாய்க்காலில் விழுகிறது. சமையல்கட்டுத் தரை இறங்குகிறது. அடுப்பு ஆடுகிறது. அந்த மனிதர் வாய்க்காலில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல மணலை அள்ளி வந்து, கல்லைப் பெயர்த்து, பள்ளத்தில் கொட்டி, மேலே மறுபடி கல் பதிக்கிறார். அது மறுபடி இறங்குகிறது, அவர் மறுபடி அள்ளப் போகிறார். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். இங்கே நெய்யும் அவருடையது, வீடும் அவருடையது. தன் வீட்டுக்கு அடியிலிருந்து போன மண்ணைத் தானே தலையில் சுமந்து வந்து தன் வீட்டுக்கு மேலே கொட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருட வேலையில் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. மனம் அதை நம்ப மறுத்தது.

வகுப்பில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் புரிந்துகொண்டார்கள். புரிந்தது முகத்தில் ஏறுவதை என் வேலையில் ஆயிரம் முறை ரசித்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “சார், இதுல தப்பா இருக்கறது கம்ப்யூட்டரா, எங்க வீடா?”

நண்பர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நமக்குச் சம்பளம். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஹாஸ்டல் கட்டடம் மண்ணுக்குள் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். நடந்தது நகத்தின் கனம்கூட இல்லாத அமர்வு. ஆனால் மென்பொருள் எதையும் பெரிதாக்கிக் காட்டும், எங்கே அதிகமோ அங்கே சிவப்பைப் பூசும். அதிகம் என்பது கொஞ்சத்தில் அதிகம் என்று யாருக்குத் தெரியும்? திரையில் ஹாஸ்டல் குடிகாரனைப் போலச் சாய்ந்து சிவந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக் கணக்கர் ஒரு கையெழுத்துக்காக உள்ளே வந்துவிட்டார். ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில்தான் அவர் அலுவலகம். நான் எவ்வளவோ விளக்கினேன். “நீங்க சொல்றது சரி சார், ஆனா நான் கண்ணால பார்த்துட்டேனே,” என்று சொல்லிவிட்டுப் போனவர், மேஜை நாற்காலியைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டு மழை வரும்வரை உள்ளே போகவில்லை. அதிலிருந்து எனக்குப் ‘படம் காட்டிப் பயமுறுத்தறவர்’ என்று பெயர். சொல் ஒன்று சொல்லும், நிறம் வேறு சொல்லும், சனங்கள் நிறத்தைத்தான் நம்புவார்கள்.

அந்த வடு இருந்ததால் ஜெசிந்தாவுக்கு உடனே பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டு, ஒன்றும் நடக்காமல் போனால்? ‘பதறாத காரியம் சிதறாது’ என்று மனம் சொன்னது. மறுநொடியே அதே மனம் ‘தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்காதே’ என்றது. பழமொழிகளை நான் சின்ன வயதிலிருந்து சேர்க்கிறேன். அவற்றிடம் யோசனை கேட்டுப் போகாதீர்கள். பொறு என்று ஒன்று சொன்னால், ஓடு என்று இன்னொன்று சொல்லும். எந்த நேரத்துக்கு எது என்று நாமேதான் முடிவுசெய்தாக வேண்டும்.

ஹாஸ்டல் விஷயத்துக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு ஒன்றே ஒன்று. ஹாஸ்டலில் திரை மட்டும்தான் பேசியது. இங்கே திரையும் சமையல்கட்டும் ஒரே கதையைச் சொல்கின்றன. இருவரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டிருக்க முடியாது.

“தெரியலம்மா,” என்றேன். “தெரியாததாலதான் போவணும். வீட்ல யார் இருக்காங்க?”

“அம்மா மட்டும்தான். இப்ப சமைச்சிக்கிட்டு இருப்பாங்க.”

விநோத்தின் காரில் கிளம்பினோம். தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டியதும் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். குரல் வெளியே கேட்கும்படி வைத்திருந்தாள். வீட்டைவிட்டு வெளியே வா, பக்கத்துக் குழியால் ஆபத்து என்றாள். அந்த அம்மா, குழியா, அது பாட்டுக்கு இருக்குது என்றார். மண் கரைகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தோம் என்று மகள் சொன்னதற்கு, கணக்கு இருக்கட்டும், மத்தியானம் சாப்பிட வருவியா மாட்டியா என்று கேட்டார். நான் போனை வாங்கி, என்னை யாரென்று சொல்லி, தண்ணீரின் அழுத்தம் என்று ஆரம்பித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “சரிங்க சார், கொழம்பு எறக்கிட்டு வெளிய நிக்கறேன்,” என்றார். தாளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டார்.

நோணாங்குப்பம் படகுத்துறை வாசலில் சுற்றுலா வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நகர முடியவில்லை. விநோத் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். நான் அடுத்து எந்த விளக்கத்தைச் சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரியும் என்று யோசித்தேன். ஜெசிந்தா யோசிக்கவில்லை. மறுபடி போன் செய்தாள், குரலை மாற்றிக்கொண்டாள்.

“அம்மா, கோயில்ல ஃபாதர் ஒன்ன ஒடனே வரச் சொன்னாராம். என்னான்னு தெரியல, கோவமா இருக்காராம்.”

“யாரு சொன்னா?”

“அதெல்லாம் அப்புறம் சொல்றேன். அடுப்ப அணைச்சிட்டு ஓடு.”

தாளிக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவுத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. காரில் நாங்கள் மூவரும் மூச்சு விட்டோம்.

ஆளுக்கு ஆள் நம்பும் படம் வேறு. கணக்கருக்கு ஒரு சிவப்பு நிறம் போதும், அவரைத் தடுக்கவே முடியாது. அந்த அம்மாவுக்கு என் அம்புகள் எதுவும் வேலைக்காகவில்லை, கோவமாக இருக்கும் ஃபாதர்தான் வேலைக்கு ஆனார். வாழ்நாள் முழுக்கப் படம் காட்டிப் பிழைத்த எனக்கு, யாருக்கு எந்தப் படம் என்பதை அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டாள். போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல்கட்டுச் சுவரில் விரல் நுழையும் விரிசலைப் பூசி மறைத்திருக்கிறார்கள், தரை புதிது. அந்த அம்மா அந்தச் சுவரில் சாய்ந்து நின்றபடி எனக்குக் காப்பி கொடுத்தார். ஃபாதர் பேரில் பொய் சொன்னதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. “அவரு பாட்டுக்குப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு சார், நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நிக்கறேன்,” என்றார்.

ஆனால் அன்றைக்கு நாங்கள் சந்துக்குள் நுழைந்தபோது இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அந்த அம்மா வெளியே போய்விட்டார் என்பது மட்டும்தான் நிச்சயம். வீடு மிச்சமிருந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து அது.

குழியைச் சுற்றித் தகரம் அடித்துச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பக்கத்துத் தகரம் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. குழாய் வாயில் விழுந்த தண்ணீர் பழுப்பாக, கனமாக இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் மணல் குன்றாகக் குவிந்திருந்தது. அதில் ஒரு பக்கம் கூடையால் அள்ளிய தடம், வழித்தது போல. அதைப் பார்த்ததும் ஜெசிந்தா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சைட் இன்ஜினியர் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிக்கொண்டு ஓடிவந்தான். எங்கள் கல்லூரிப் பையன்தான். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. காலையிலிருந்து ஊற்று அதிகமாகிவிட்டதாம். ஆனால் கவலையில்லை, பம்ப் நன்றாக இழுக்கிறது, கலங்கலாக வருவதைப் பார்த்தாலே தெரியும், இன்னொரு பம்ப்பும் டெம்போவில் வந்துகொண்டிருக்கிறது என்றான்.

பம்ப்பை நிறுத்தச் சொன்னேன்.

அவனுக்குப் புரியவில்லை. “நிறுத்தினா குழி ரொம்பிடும் சார்.”

“ரொம்பட்டும்.”

என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டுமோ என்பது போலப் பார்த்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். ஊற்று பெருகினால் இன்னும் வேகமாக இறைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தண்ணீர் புகுந்து மண்ணை இழுக்கிறபோது இறைக்க இறைக்க இழுப்பு கூடும், குழியை நிரம்பவிட்டால் இழுப்பு அடங்கும் என்பது கைக்கும் காலுக்கும் ஏறாத அறிவு. நான் சொன்னேன். வேகமாக, மோசமாகச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுப் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

“ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையா வந்திருக்கே சார். நானே ஓட்டிப் பார்த்ததுதான்.”

இளம்பச்சை. காலையில் வகுப்பில் பார்த்த அதே இளம்பச்சை. விநோத்தான் மெதுவாகக் கேட்டார், பசை போட்டியா என்று.

“கொஞ்சம்தான் சார். இல்லைன்னா ஓடாதுல்ல,” என்றான் அவன். வெள்ளந்தியாகச் சொன்னான். ஹாஸ்டல் அறையில் கற்றது குழிக்குள் வந்து நிற்கிறது. வகுப்பில் நாம் சொல்வதைப் பிள்ளைகள் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள், நாம் சொல்லாமல் விட்டதைத்தான் சைட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இந்த ஒரு வரியை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப்பை நிறுத்த ஓனரைக் கேட்க வேண்டும் என்றான். கேள் என்றேன். லைன் போகவில்லை. மறுபடி போட்டான். ஓனர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். விநோத் தன் போனிலிருந்து முயன்றார். நான் திரும்பவும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன், கையால் காற்றில் குழி வரைந்து, தண்ணீர் வரைந்து. படித்தவர்கள் மூன்று பேர் ஒரு குழியின் ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். முறைப்படி யார் உத்தரவிட வேண்டும் என்பதை மூன்று பேரும் நன்றாக அறிந்திருந்தோம்.

அப்போது பூட்டிய வீட்டுக்குள் ஏதோ விழுந்தது. ஒரு எவர்சில்வர் தட்டு. விழுந்து, உருண்டு, சுழன்று, அடங்கும் சத்தம் முழுதாகக் கேட்டது. உள்ளே யாரும் இல்லை.

“ஓனர் லைன்ல வர்றாரு சார்,” என்றான் பையன்.

ஜெசிந்தா எங்களைத் தாண்டிப் போனாள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, அதை அங்கேயே விட்டாள். பலகையில் அடித்திருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கினாள். பம்ப் இருமிவிட்டு நின்றது. குழாய் வாயில் தண்ணீர் மெலிந்து சொட்டாகியது. பிறகு ஒயரிங்காரர் மகள் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் காலேஜ் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.